பள்ளி மேலாண்மைக் குழு: ஊரில் என்னிடம் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும்

முதலில் பெற்றோராக, அப்புறம் குழு உறுப்பினராக, இப்போது என் பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் வெறும் ஊர்க்காரனாக, சுற்றுவட்டாரத்தில் ஆறேழு அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் சந்தேகம் ஒன்றேதான். டீக்கடையில் கேட்டதை, சத்துணவுக் கூடத்து நிழலில் கேட்டதை, கூட்டம் முடிந்து செருப்பு தேடும்போது தயங்கித் தயங்கிக் கேட்டதை எல்லாம் இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேசியபடியே விட்டிருக்கிறேன்.

எஸ்எம்சி, எஸ்எம்சின்னு சொல்றாங்களே, அது நம்ம பழைய பிடிஏதானே?

இல்லை. பெற்றோர் ஆசிரியர் கழகம் பல காலமாக இருப்பது. ஆண்டு விழாவுக்கு நன்கொடை திரட்டுவது, பீரோ வாங்கித் தருவது என்று ஓடிக்கொண்டிருந்தது. எஸ்எம்சி என்னும் பள்ளி மேலாண்மைக் குழு சட்டத்தால் வந்தது. 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு, அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் இப்படி ஒரு குழு இருந்தாக வேண்டும் என்கிறது. பள்ளி எப்படி நடக்கிறது என்று பார்ப்பது, பள்ளி வளர்ச்சித் திட்டம் போடுவது, வந்த பணம் எங்கே போனது என்று கவனிப்பது, இவைதான் அதன் முக்கிய வேலைகள்.

எங்கள் பக்கத்தில் பத்து வருஷத்துக்கு மேல் இது ஒரு பதிவேட்டுக்குள்தான் வாழ்ந்தது. 2022 மார்ச் 20 அன்று மாநிலம் முழுக்க அரசுப் பள்ளிகளில் ஒரே நாளில் பெற்றோரைக் கூட்டி, குழுவைப் புதிதாக அமைக்கும் வேலையை அரசு தொடங்கியது. அதற்குப் பிறகுதான் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியும்.

குழுவுல யார் இருக்கணும்? ஹெச்எம் சொல்ற ஆளுங்கதானா?

நான்கில் மூன்று பங்கு பேர் அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர். மொத்த உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். பின்தங்கிய, நலிந்த பிரிவுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்கள் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம். இவ்வளவும் சட்டத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் 2022-இல் 20 பேர் கொண்ட குழுவாக அமைத்தார்கள். 2024-இல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். தலைவர், பெற்றோரில் ஒரு பெண். தலைமையாசிரியர், ஓர் ஆசிரியர், உள்ளாட்சிப் பிரதிநிதிகள், மகளிர் குழுவிலிருந்து ஒருவர் என்று மீதி இடங்கள் நிரம்பும்.

ஹெச்எம் சொல்லும் ஆட்களாக இருக்கக் கூடாது, பெற்றோர் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும். நடப்பது ஊருக்கு ஊர் வேறு. தலைவர் நாற்காலியில் அந்த அம்மாவின் வீட்டுக்காரர் உட்கார்ந்து பேசுவதையும் பார்த்திருக்கிறேன். முதல் கூட்டத்திலேயே பேனாவை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்ட தலைவியையும் பார்த்திருக்கிறேன்.

நேரா கேக்குறேன். குழு இருந்தா பிள்ளைங்க நல்லாப் படிக்குமா?

குழு இருப்பதால் மட்டும் படிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பயிற்சிக் கூட்டங்களில் இதை யாரும் சொல்வதில்லை.

2005-06-இல் உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் 280 கிராமங்களில் ஒரு சோதனை நடந்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோரும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பைச் சேர்ந்தவர்களும் செய்தது. அங்கே ஏற்கெனவே கிராமக் கல்விக் குழு என்று ஒன்று இருந்தது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அப்படி ஒன்று இருப்பதே தெரியவில்லை. குழுவின் உறுப்பினர்களிலேயே ஏறக்குறைய கால்வாசிப் பேருக்குத் தாங்கள் உறுப்பினர் என்பது தெரியாது! சில கிராமங்களில் கூட்டம் போட்டுக் குழுவின் அதிகாரத்தை விளக்கினார்கள். வேறு சில கிராமங்களில் அதோடு, ஊர்க்காரர்களே பிள்ளைகளைப் படிக்கவைத்துப் பார்த்து ஊருக்கே ஒரு மதிப்பெண் அட்டை தயாரிக்கவும் கற்றுக் கொடுத்தார்கள். இரண்டிலும் ஒன்றும் நகரவில்லை. குழு விழிக்கவில்லை, ஆசிரியர் வருகை கூடவில்லை, பிள்ளைகளின் வாசிப்பும் அப்படியே இருந்தது.

மூன்றாவது வகைக் கிராமங்களில் இவற்றோடு இன்னொன்றும் செய்தார்கள். ஊர் இளைஞர்களுக்குச் சில நாள் பயிற்சி கொடுத்து, பள்ளி நேரத்துக்கு வெளியே வாசிப்பு வகுப்பு நடத்தச் சொன்னார்கள். ஓர் எழுத்துகூடத் தெரியாமல் வந்த பிள்ளைகள் எழுத்துகளைப் படித்தார்கள், எழுத்து தெரிந்தவர்கள் அதற்கு மேலே போனார்கள். சுமார் 8 சதவீதப் பிள்ளைகள்தான் அந்த வகுப்புக்கு வந்தார்கள் என்பது அதன் குறை. ஆனாலும் கணக்குத் தெளிவு. 'உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது' என்று சொல்லி அனுப்பியதில் பலன் இல்லை. பிள்ளையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த இடத்தில்தான் பலன் வந்தது.

அப்போ மாசாமாசம் கூட்டம் எதுக்கு? டீ, பிஸ்கட் செலவுதானே?

ஆசிரியர் வருகை, சாப்பாடு, பள்ளி திறந்திருக்கிறதா இல்லையா என்பவற்றில் ஊரின் கண் பட்டால் மாற்றம் வருகிறது. இதற்கு வெளியூர் உதாரணம் நிறைய இருக்கிறது. எல் சால்வடாரில் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் அரசு ஆசிரியர் போகாத கிராமங்களில் மக்களே ஆள் போட்டுப் பள்ளி நடத்தினார்கள். 1991-இல் அரசு அதையே எடுகோ என்ற திட்டமாக்கி, ஆசிரியரை வேலைக்கு வைக்கும் உரிமையைப் பெற்றோர் சங்கத்திடம் கொடுத்தது. ஆசிரியர் வராததால் பிள்ளைகள் இழக்கும் நாட்கள் குறைந்தன. மதிப்பெண் மற்ற பள்ளிகளின் அளவில்தான் இருந்தது. மற்ற பள்ளிப் பிள்ளைகளைவிட ஏழைப் பிள்ளைகள் என்று பார்த்தால் அதுவே பெரிய விஷயம் என்று சொல்பவர்களும் உண்டு. ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து எதிர்த்தன, கடைசியில் அந்தத் திட்டமே கைவிடப்பட்டது.

ஆப்பிரிக்காவில் காம்பியாவிலும் கிட்டத்தட்ட இதே கதை. ஆசிரியர்களுக்கும் ஊராருக்கும் சேர்த்துப் பயிற்சி, கூடவே மானியம் என்று கொடுத்துப் பார்த்ததில், ஆசிரியரும் பிள்ளைகளும் விடுப்பு எடுப்பது குறைந்தது. படிப்பில் சராசரியாக மாற்றம் இல்லை. பெரியவர்களில் எழுத்தறிவு கூடுதலாக இருந்த ஊர்களில் கொஞ்சம் பலன் தெரிந்தது.

ஆக, கூட்டம் வீண் இல்லை. ஆசிரியரை வகுப்புக்குள் கொண்டுவரும் வேலையைக் கூட்டம் செய்யும். உள்ளே வந்த பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதைத் தொட, கூட்டத்தில் பேசும் பேச்சு மாற வேண்டும்.

எங்க கூட்டத்துல கழிப்பறை, காம்பவுண்டு சுவர் தாண்டிப் பேச்சே போகலியே?

எங்கள் கூட்டமும் இரண்டு வருஷம் அப்படித்தான். ஒரு முறை தீர்மானப் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினேன். காம்பவுண்டு சுவர் ஒன்பது முறை, குடிநீர்த் தொட்டி ஆறு முறை, பள்ளி முன்னால் இருக்கும் மின்மாற்றி நாலு முறை. 'வாசிப்பு' என்ற சொல் ஒரு முறைகூட இல்லை. வாசிப்பு இயக்கம் நடந்த மாதத்தில்கூட இல்லை.

காரணம் யாருடைய அலட்சியமும் இல்லை. சுவர் இடிந்திருப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரியும், அதைப் பற்றிப் பேச யாரும் பட்டம் வாங்கியிருக்க வேண்டியதில்லை, பேசினால் ஆசிரியர் மனம் கோணாது. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்டத் தெரியவில்லை என்பது கண்ணுக்குத் தெரியாது, சொன்னால் யாரோ ஒருவரைக் குற்றம் சொல்வதுபோல் ஆகிவிடும். கழிப்பறையை விட்டுவிடுங்கள் என்று சொல்லமாட்டேன். வயதுக்கு வந்த பெண் பிள்ளைக்குப் பள்ளியில் தண்ணீர் வரும் கழிப்பறை இல்லையென்றால் மாதத்தில் சில நாள் வீட்டில்தான். சுவருக்கு அரை மணி கொடுத்தால் வாசிப்புக்கும் அரை மணி கொடுங்கள் என்கிறேன்.

நான் மூணாவதோட நின்னவ. பிள்ளை படிக்குதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?

இதைக் கேட்ட அக்கா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். அவர் வீட்டுத் திண்ணையிலேயே பார்த்தோம். மூன்றாம் வகுப்புப் பையன். தமிழ்ப் புத்தகத்தை விரித்ததும் கடகடவென்று ஒப்பித்தான். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. விரல் வைத்துப் படிடா என்றேன். வாய் நாலாவது வரியில், விரல் இரண்டாவது வரியில். வீட்டில் கிடந்த கல்யாணப் பத்திரிகையை எடுத்து 'மணமகள்' என்ற சொல்லைக் காட்டினேன். 'ம' என்றான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தான்.

சோதிக்க இதுவே போதும். நாடு முழுக்க நடக்கும் அசர் ஆய்வும் ஏறக்குறைய இதைத்தான் செய்கிறது: எழுத்து, சொல், எளிய பத்தி, சின்னக் கதை என்று ஒவ்வொரு படியாகக் காட்டி, பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். உங்களுக்கு வாசிக்க வராவிட்டாலும் திணறல் காதில் விழும். புத்தகத்தில் இல்லாத எதையாவது கொடுங்கள். பத்திரிகை, பேருந்துப் பெயர்ப் பலகை, ரேஷன் கடை அறிவிப்பு, எதுவானாலும் சரி. கணக்குக்குக் கடைக்கு அனுப்பி மீதிச் சில்லறையைக் கேளுங்கள்.

ஏ கிரேடு போட்டுத்தானே அட்டை குடுத்தாங்க?

கிரேடு போட்டதில் பொய் இருக்க வேண்டியதில்லை. செயல்பாடு, வருகை, நோட்டு என்று பலதும் சேர்ந்தது அது. உங்களுக்கு வேண்டிய தகவல் வேறு இடத்தில் இருக்கிறது. 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு (தொடக்க நிலை), மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். 'என் பிள்ளை தமிழில் அரும்பா, மொட்டா? போன பருவத்தில் எங்கே இருந்தது?' என்று கேளுங்கள். ஆசிரியருக்குப் புரியும் மொழி அது. கேட்பதில் குற்றச்சாட்டும் இல்லை.

வாத்தியாரைக் கேள்வி கேட்டா, பிள்ளை மேல காட்டிட மாட்டாங்களா?

இந்தப் பயத்தைச் சும்மா பயம் என்று ஒதுக்கமாட்டேன். எனக்கே இருந்தது. என் மகள் ஐந்தாவது படித்தபோது ஒரு கூட்டத்தில் கணக்குப் பாடம் பற்றி நான் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட, மறுநாள் வகுப்பில் "உங்கப்பாவையே வந்து நடத்தச் சொல்லு" என்று ஒரு வார்த்தை வந்தது. ஒரு வாரம் பள்ளிக்குப் போக அழுதாள்.

அதிலிருந்து இரண்டு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒன்று, என் பிள்ளையைப் பற்றிக் கூட்டத்தில் கேட்பதில்லை, வகுப்பைப் பற்றிக் கேட்பேன். என் பிள்ளை விஷயத்தை ஆசிரியரிடம் தனியாகப் பேசிக்கொள்வேன். இரண்டு, கேள்வியைத் தலைவி கேட்கட்டும், குழுவின் பெயரில் போகட்டும். ஐந்து பேர் தலையாட்டிய கேள்விக்கு ஒரு பிள்ளையின் மேல் கோபம் வராது. உண்மையிலேயே அடி, அவமானம் என்று போனால் 14417 என்ற பள்ளிக் கல்வித் துறை உதவி எண் இருக்கிறது.

ஆசிரியர் அடிக்கடி வர்றதில்ல. குழு சம்பளத்தை நிறுத்த முடியுமா?

தமிழ்நாட்டில் முடியாது. ஆசிரியரை நியமிப்பது, மாற்றுவது, சம்பளம் கொடுப்பது எல்லாம் துறையின் கையில். குழு பதிவு செய்யலாம், வட்டாரக் கல்வி அலுவலருக்கு எழுதலாம். நாகாலாந்தில் வேறு மாதிரி. அங்கே 2002-இல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 'வேலை இல்லையேல் ஊதியம் இல்லை' என்று பிடித்தம் செய்யும் அதிகாரத்தைக் கிராமக் கல்விக் குழுவிடமே கொடுத்தார்கள். அதற்கு 2008-இல் ஐ.நா.வின் பொதுச் சேவை விருதும் கிடைத்தது. நாகா கிராம சபையின் கட்டுக்கோப்பு வேறு, நம் ஊர் வேறு. இங்கே அந்த அதிகாரம் வந்தால் பள்ளியில் நடப்பதைவிடப் பழைய பகை தீர்ப்பதுதான் அதிகம் நடக்கும் என்று எனக்குப் பயம்.

அப்புறம், ஏன் வரவில்லை என்று முதலில் விசாரியுங்கள். அறுபது பிள்ளைகள் வரைக்கும் இரண்டு ஆசிரியர் என்பது சட்டத்தின் கணக்கு. அந்த இரண்டு பேரில் ஒருவர் பயிற்சிக்கோ மாற்றுப் பணிக்கோ போய்விட்டால், மீதி இருப்பவர் ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்து எமிஸ் என்ற துறை இணையதளத்தில் பதிவும் செய்துகொண்டிருப்பார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர், தேர்தல் தவிர வேறு வேலைக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்று 27-ஆவது பிரிவு சொல்கிறது. 'எங்கள் டீச்சரை எங்களிடம் திருப்பி அனுப்புங்கள்' என்று குழு தீர்மானம் போட்டுக் கொடுத்தால், ஹெச்எம் அதை வரவேற்பார். அவரால் மேலே கேட்க முடியாததை நீங்கள் கேட்கிறீர்கள்.

அப்போ நாமளே ஒரு ஆளைப் போட்டுக்கலாமா? ஊர்ல பிஎட் படிச்ச பொண்ணு சும்மாதான் இருக்கு.

2022-இல் காலியிடங்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழு மூலமாகத் தற்காலிக ஆசிரியர்களை எடுக்க அரசே சொன்னது. மொத்தம் 13,331 இடங்கள், இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 7,500 ரூபாய். தகுதித் தேர்வு எழுதியும் வேலை கிடைக்காதவர்கள் கொதித்தார்கள், வழக்கு நீதிமன்றம் போனது. அவர்கள் கோபம் நியாயமானது. நூறு நாள் வேலைக் கூலியோடு போட்டி போடும் சம்பளத்தில் ஒருவரை வகுப்பில் நிறுத்துவது பெருமையான ஏற்பாடு இல்லை.

படிப்புக்குப் பலன் உண்டா என்றால், கென்யாவின் மேற்குப் பகுதியில் 140 பள்ளிகளுக்குக் கூடுதலாக ஓர் ஒப்பந்த ஆசிரியரை வைக்கப் பணம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அவரிடம் படித்த பிள்ளைகள் முன்னேறினார்கள். ஆனால் கூட ஓர் ஆள் வந்ததும் நிரந்தர ஆசிரியர்கள் தங்கள் வேலையைக் குறைத்துக்கொண்டார்கள், ஒப்பந்த வேலைக்குத் தங்கள் சொந்தக்காரர்களையே கொண்டுவந்தார்கள். பாதிப் பள்ளிகளில் பெற்றோர் குழுவுக்குத் தனிப் பயிற்சி கொடுத்து, நேர்காணல் எப்படி நடத்துவது, வருகையை எப்படிப் பார்ப்பது என்று சொல்லித் தந்திருந்தார்கள். அங்கே சொந்தக்காரத்தனம் குறைந்தது, பிள்ளைகளின் மதிப்பெண்ணும் கூடியது. என்னைக் கேட்டால், குழுவால் படிப்பு நேரடியாக மேம்பட்டதற்கு இருக்கும் நல்ல சாட்சிகளில் இது ஒன்று. அதே யோசனையைக் கென்ய அரசு தன் அலுவலகங்கள் வழியாகச் செய்து பார்த்தபோது பலன் காணாமல் போய்விட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சாயங்காலம் தன்னார்வலர் கிட்ட அனுப்பினா பிரயோஜனம் உண்டா? விளையாடிட்டுதான் வருது.

விளையாடிக்கொண்டே படித்தால் நல்லதுதானே. கொரோனாவில் பள்ளி மூடிக் கிடந்த பிறகு, தன்னார்வலர்கள் சாயங்காலம் சொல்லிக்கொடுக்கும் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபரில் தொடங்கியது. அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைத் திரும்பத் திரும்பச் சோதித்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில், இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு, 24 சதவீதம், இந்தச் சாயங்கால வகுப்பால் வந்தது. மேலே ஜான்பூரில் பார்த்ததும் இதே பாடம்தான்.

நம் ஊரில் இன்னும் மையம் நடக்கிறதென்றால் குழு அதைத் தத்தெடுத்துக்கொள்ளலாம். பெரிதாக ஒன்றும் வேண்டாம். எங்கள் ஊரில் கோயில் மண்டபத்துக்கு ஒரு எல்இடி பல்பு, மழை நாளில் அங்கன்வாடிச் சாவி, ஏழு மணிக்கு மேல் பெண் பிள்ளைகளை வீடுவரை விட ஒரு பாட்டி. இந்த மூன்றும் இருந்த மாதங்களில் இருபது பிள்ளைகள் வந்தன. பல்பு போன மாதம் ஏழு.

பள்ளிக்கு எவ்வளவு பணம் வரும்? அதை யார் எடுக்கலாம்?

ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து பணம் போடும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் பள்ளி மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. முப்பது பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 10,000, நூறு வரை 25,000, இருநூற்று ஐம்பது வரை 50,000 ரூபாய் என்பது நெறிமுறை. அதில் பத்தில் ஒரு பங்காவது துப்புரவுக்குப் போக வேண்டும். செலவுக் கணக்கைப் பார்ப்பது குழுவின் உரிமை, ரசீதைக் கேட்டால் காட்ட வேண்டும். சில வருஷம் பணம் தாமதமாகும். ஒன்றிய அரசு 2024-25-க்கான பங்கை, 2,150 கோடி ரூபாய்க்கு மேல், தமிழ்நாட்டுக்குத் தராமல் நிறுத்தியதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி வருஷத்தில் ஹெச்எம்மைக் குடைவதில் நியாயமில்லை.

இந்தப் பணத்தில் சாக்பீஸ், மின் கட்டணம், பழுது பார்ப்பு போக மிஞ்சுவது கொஞ்சம்தான். பணம் வந்தால் படிப்பு தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம்.

கூட்டம் நடந்த மாதிரி எழுதி, வீடு வீடா வந்து கையெழுத்து வாங்கிட்டுப் போறாங்க. போட்டுடலாமா?

போடாதீர்கள். நான் ஒரு முறை போட்டேன். வயலுக்குக் கிளம்பும் அவசரத்தில், பைக்கில் வந்தவர் நீட்டிய பதிவேட்டில் வெற்றிடத்துக்குக் கீழே கையெழுத்திட்டேன். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், 'மாணவர்களின் கற்றல் அடைவு குறித்து விரிவாக விவாதிக்கப்பட்டு முழுத் திருப்தி தெரிவிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. எவ்வளவு அழகான தமிழ்! எனக்குக் கீழே கையெழுத்திட்டிருந்தவர் அந்த மாதம் திருப்பூரில் வேலையில் இருந்தார்.

சண்டை போட வேண்டியதில்லை. 'கூட்டத்தில் வந்து போடுகிறேன் சார்' என்று சொன்னால் போதும். தீர்மானங்களைப் பள்ளிக் கல்வித் துறையின் டிஎன்எஸ்இடி பேரன்ட்ஸ் செயலியிலும் ஏற்றுகிறார்கள். உங்கள் பிள்ளைக்காகப் பள்ளியில் கொடுத்திருக்கும் கைபேசி எண்ணில் அதைத் திறந்து பாருங்கள்.

வசதியான வீட்டுக்காரங்களே பேசுறாங்க. எங்க தெருவுல இருந்து போறவங்க கடைசி பெஞ்சுலதான். அப்புறம் எதுக்குப் போகணும்?

எல்லாக் கேள்வியிலும் எனக்கு எளிதாகப் பதில் வராத கேள்வி இது. 'சமூகம் பள்ளியை நடத்தட்டும்' என்று சொல்லும்போது எந்தச் சமூகம் என்று யாரும் கேட்பதில்லை. ஊர் என்றால் ஊரும் காலனியும் சேர்ந்ததுதான் என்று காகிதத்தில் இருக்கும். 2023-இல் காலை உணவுத் திட்டம் விரிவானபோது, தலித் பெண் சமைத்ததைச் சாப்பிடாதே என்று பெற்றோரே பிள்ளைகளைத் தடுத்த ஊர்கள் செய்தியில் வந்தன. அவர்களும் பெற்றோர்கள்தான், அவர்களும் குழுவுக்கு வரக்கூடியவர்கள்தான். ஊர் கையில் கொடுத்தால் ஊரின் நோயும் சேர்ந்தே வரும். அன்று அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் வந்து பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்துதான் சரி செய்ய வேண்டியிருந்தது.

ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வேன், தனியாகப் போகாதீர்கள். பட்டியலினப் பிள்ளைகளின் பெற்றோருக்கு எண்ணிக்கைக்கேற்ற இடம் என்பது யாரும் போடும் பிச்சை இல்லை, சட்டம். மூன்று பேராகப் போய், முன்னால் உட்காருங்கள். நான் பார்த்த ஒரு கூட்டத்தில், கடைசி பெஞ்சிலிருந்த ஓர் அம்மா கேட்ட ஒரே கேள்வி: "எங்க தெருப் பிள்ளைங்களை மட்டும் ஏன் சார் அரும்புலயே வச்சிருக்கீங்க?" பத்து நிமிஷம் யாரும் வேறு எதுவும் பேசவில்லை. அந்த ஹெச்எம் நல்ல மனிதர், பட்டியலை எடுத்துப் பார்த்தார். அந்த அம்மா சொன்னது சரியாக இருந்தது.

ஊர்ல பாதிப் பேர் மஞ்ச வேன்ல அனுப்புறாங்க. ஊராட்சித் தலைவர் பிள்ளையும் அதுலதான் போகுது. அவங்களுக்கு என்ன அக்கறை?

அக்கறை குறைவுதான், மறைக்க ஒன்றுமில்லை. அதனால்தான் பெற்றோரை மட்டும் நம்பியிருக்கும் குழுவுக்குப் பலம் போதாது. இந்தோனேசியாவில் ஜாவாத் தீவில் நடந்த ஒரு சோதனை இதைக் காட்டியது. குழுவுக்கு மானியம், குழுவுக்குப் பயிற்சி என்று தனித்தனியாகக் கொடுத்ததில் படிப்பு பெரிதாக மாறவில்லை. குழுவைத் தேர்தல் மூலம் அமைத்து, அதைக் கிராம மன்றத்தோடு இணைத்த இடத்தில் மொழிப்பாட மதிப்பெண் உயர்ந்தது. ஊரில் காரியம் முடிக்கக்கூடியவர்கள் மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்ததுதான் வித்தியாசம்.

நமக்கு அந்த இணைப்பு கிராம சபை. குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜெயந்தி ஆகியவற்றோடு இப்போது மார்ச் 22, நவம்பர் 1-உம் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு. எஸ்எம்சி தீர்மானத்தை அங்கே வாசிக்கச் செய்யுங்கள். தலைவரின் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும், மைக்கில் வாசித்த தீர்மானத்துக்கு அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். முன்னாள் மாணவர்களைக் குழுவில் சேர்த்ததும் நல்ல யோசனை. வெளியூரில் வேலை பார்ப்பவர்களுக்குத்தான் சொந்த ஊர்ப் பள்ளி மேல் பாசம் அதிகம்.

இதெல்லாம் பாத்தா, அரசாங்கம் கையைக் கழுவிட்டு நம்ம தலையில கட்டுற மாதிரி இருக்கே?

அந்தச் சந்தேகம் இருக்கட்டும், ஆரோக்கியமானது. காமராஜர் காலத்தில் 1956-இல் மதிய உணவு முதலில் ஊர்க்காரர்களின் அரிசி, விறகு, காசு கொண்டே நடந்தது. 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடத்தி, மேசை, மணி, கடிகாரம், வகுப்பறை என்று மக்கள் கொடுத்ததைப் பெற்றார்கள். நெ. து. சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராக இருந்து முன்னின்று செய்த வேலை அது. கூடவே அரசு ஆயிரக்கணக்கில் புதிய பள்ளிகளைத் திறந்தது, ஆசிரியர்களைப் போட்டது. ஊர் மணி வாங்கிக் கொடுத்தது, மணி அடித்ததும் உள்ளே நிற்க வேண்டிய ஆசிரியரை அரசு கொடுத்தது. இப்போதும் அந்தப் பங்கீடு மாறக் கூடாது. வெள்ளையடிக்க, மரம் நட, சாயங்கால வகுப்புக்கு இடம் தர ஊர் வரலாம். காலியிடத்தை நிரப்பாமல் ஊரிடம் தள்ளினால் திருப்பிக் கேளுங்கள்.

சரி, ஒரு கூட்டத்துல ஒரே ஒரு விஷயம்தான் பேச முடியும்னா எதைப் பேசுறது?

மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள், அதில் எத்தனை பேருக்கு ஒரு பத்தி வாசிக்க வருகிறது. இரண்டே எண்கள். யார் யார் என்ற பெயர் கூட்டத்தில் வேண்டாம், அது பிள்ளைக்கும் பெற்றோருக்கும் அவமானம். ஆசிரியரும் தலைவியும் பெயர்களை வைத்துக்கொள்ளட்டும். அடுத்த மாதம் அதே இரண்டு எண்களை மறுபடி கேளுங்கள்.

எங்கள் பள்ளியில் முதல் முறை கேட்டபோது பதில் சொல்ல ஆசிரியருக்கு ஒரு வாரம் ஆனது: 17 பேரில் 5. அவரே அதிர்ந்துபோனார். தினமும் முதல் நாற்பது நிமிஷம் வாசிப்பு மட்டும் என்று அவரே வைத்துக்கொண்டார், நாங்கள் சொல்லவில்லை. தினத்தாள்களின் சிறுவர் பக்கங்களைச் சேர்த்துக் கொடுத்தது மட்டும் எங்கள் வேலை. வருஷக் கடைசியில் 17-இல் 12. மீதி ஐந்து பேரில் ஒரு பிள்ளைக்குக் கண்ணாடி தேவைப்பட்டது, அது அதுவரை யாருக்கும் தெரியாது.

கூட்டத்துக்கு வந்தா அரை நாள் கூலி போகுதேப்பா?

போகும். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி என்பது மாதச் சம்பளக்காரர் பார்த்து வைத்த நேரம். எங்கள் ஊரில் நாற்று நடும் பருவத்தில் நாலு பேர்தான் வந்தார்கள். தலைவி ஹெச்எம்மிடம் பேசி, அந்த இரண்டு மாதம் மட்டும் கூட்டத்தை ஐந்தரைக்கு மாற்றினார். ஹெச்எம்முக்கும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டிய அவசரம் இருந்தது. ஆகவே ஆறரைக்கு முடித்துவிடுவோம் என்று பேச்சு. முதல் முறை பதினாறு பேர் வந்தார்கள். காலில் சேறு காயாமல், வாசலிலேயே உட்கார்ந்து பேசினார்கள்.